எத்தனை நாளாகும்? – வேலையை அளக்க ஒரு பாடம்

இந்தப் பாடத்தைப் படிக்கக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நம் பிள்ளைகள் பலர் மென்பொருள் வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும்போது "அப்படி என்னதான் வேலை?" என்று கேட்கும் பெற்றோருக்கும், நாளை அந்த வேலைக்குப் போகவிருக்கும் மாணவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நான் குடியிருப்பது ஐதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில். 1967-இல் தொடங்கப்பட்ட இ.சி.ஐ.எல். நிறுவனத்தை உருவாக்கிய டாக்டர் அய்யகாரி சாம்பசிவ ராவ் அவர்களின் பெயரைத் தாங்கிய பகுதி இது. 1970-களிலேயே டி.டி.சி. வரிசைக் கணிப்பொறிகளைச் செய்த நிறுவனம் அது. இன்று இங்கிருந்து எங்களில் பலர் நகரின் மறுகோடியில் உள்ள ஹைடெக் சிட்டிக்கு வேலைக்குப் போய் வருகிறோம்.

சொல்லாமல் விட்ட எண்

வேலையில் சேர்ந்த முதல் வருடம் அது. ஒரு கூட்டத்தில் மேலாளர், "இந்த மாற்றத்தைச் செய்ய எத்தனை நாளாகும்?" என்று கேட்டார். மூத்தவர் ஒருவர் "நாலு நாள் சார்" என்றார். அந்தப் பழைய புரோகிராமைப் பிரித்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான். நாலு நாளில் முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பெரியவர் சொன்ன பிறகு சின்னவன் மறுத்துப் பேசுவதா என்று தலையாட்டிவிட்டேன்.

மூன்று வாரம் ஆயிற்று. இடையில் திருக்கடையூரில் என் அப்பாவின் அறுபதாம் கல்யாணம் வந்தது. எடுத்திருந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்தேன். அப்பா குறையாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்று எடுத்த படம் ஒன்றிலும் நான் இல்லை.

ஏன் தவறுகிறோம்?

வேலை சுமுகமாக நடக்கும் என்று நினைத்தே நாம் கணக்குப் போடுகிறோம். டேனியல் கானமன், அமோஸ் டிவெர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1979-இல் இந்த மயக்கத்தைச் சுட்டிக்காட்டினார்கள். கனடாவில் மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எத்தனை நாளாகும் என்று கேட்டபோது, அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாள். ஆனது 55 நாளுக்கும் மேல். 1994-இல் வெளியான ஆய்வு இது.

2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 மென்பொருள் வல்லுநர்கள் கூடி, "அஜைல்" என்ற வேலை முறையின் கொள்கைகளை எழுதினார்கள். ஒரு வருட வேலையை மொத்தமாகத் திட்டமிட்டுவிட்டுக் காத்திராமல், சிறு சிறு துண்டாகச் செய்து, ஒவ்வொரு துண்டிலும் கற்றதை வைத்து அடுத்ததைத் திருத்திக்கொள்வதே அதன் சாரம். அளப்பதற்கு அதில் வழங்கும் முறை மூன்று படிகள் கொண்டது.

முதற்படி: ஒப்பிட்டு அளத்தல்

ஒரு கட்டு முருங்கைக்கீரை ஆய எத்தனை நிமிடம்? ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் அரைக்கிலோ வெங்காயம் உரிப்பதைப் போல் அது மூன்று பங்கு வேலை என்றால், பாட்டியும் பேத்தியும் ஒப்புக்கொள்வார்கள். எனவே நாளாகச் சொல்லாமல் புள்ளியாகச் சொல்கிறோம். 1, 2, 3, 5, 8, 13 ஆகியவையே புள்ளிகள். ஒவ்வோர் எண்ணும் முந்தைய இரண்டின் கூட்டல். ஃபிபொனாச்சி எண்கள் என்று உலகம் சொன்னாலும், அவருக்கு முன்பே யாப்புக் கணக்கில் இதைக் கண்டவர் நம் நாட்டு ஹேமசந்திரர். வேலை பெரிதாகப் பெரிதாக நம் ஊகம் தடுமாறும். அதனால்தான் இடைவெளியும் பெரிதாகிறது.

இரண்டாம் படி: கவிழ்த்த சீட்டு

கூட்டத்தில் ஓரிருவரே பேச, மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதைக் கண்ட ஜேம்ஸ் கிரென்னிங் 2002-இல் ஒரு வழி சொன்னார். ஒவ்வொருவரும் தம் எண்ணுள்ள சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். பிறகு, மிகப் பெரிய எண்ணையும் மிகச் சிறிய எண்ணையும் காட்டியவர்கள் காரணம் சொல்ல வேண்டும். அதன்பின் மறுபடி சீட்டு வைக்கலாம்.

எங்கள் பகுதித் தமிழ்க் குடும்பங்கள் பொங்கல் விழாவுக்குக் கூடியபோது இதைச் செய்து பார்த்தோம். குழந்தைகள் நாடகத்துக்குப் பெரியவர்கள் காட்டியது 2. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி காட்டியது 8. ஏனம்மா என்று கேட்டோம். "மாமா, பாதிப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது. வசனத்தைத் தெலுங்கு எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் மனப்பாடம் செய்வார்கள். அதை எழுதவே ஒரு வாரம் வேண்டும்" என்றாள். யாரும் பேசவில்லை. அடுத்த சுற்றில் எல்லோர் சீட்டிலும் 8. நாடகத்தை மட்டுமா அன்று அளந்தோம்? நம் வீட்டுத் தமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அந்தச் சீட்டு சொல்லிவிட்டது.

மூன்றாம் படி: நடந்ததை வைத்துக் கணக்கு

விழா வேலை மொத்தம் 50 புள்ளி வந்தது. கையில் நான்கு வாரம். முதல் வாரம் முடிந்தது 9, இரண்டாம் வாரம் 11. சராசரி வாரத்துக்கு 10. மிச்சம் 30 புள்ளி. ஆனால் இரண்டு வாரத்தில் 20-தான் முடியும். "எல்லாம் நடக்கும், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லாமல், 8 புள்ளியுள்ள விழா மலரையும் 2 புள்ளியுள்ள மேடைத் திரையையும் அப்போதே கைவிட்டோம். நாடகத்தை விடவில்லை. முன்கூட்டியே தெரிந்ததால்தான் எதை விடுவது என்று நாமே தீர்மானிக்க முடிந்தது.

ஓர் எச்சரிக்கை. புள்ளி என்பது மதிப்பீடு, வாக்குறுதி அல்ல. இரண்டு குழுக்களின் புள்ளிகளை ஒப்பிட்டு இவர் சோம்பேறி, அவர் கெட்டிக்காரர் என்று பேசத் தொடங்கினால், அடுத்த வாரமே எல்லோரும் எண்ணைக் கூட்டிச் சொல்வார்கள். அதோடு அந்த அளவுகோல் கெட்டுவிடும்.

வீட்டுப் பயிற்சி

பத்தாம் வகுப்புப் பாடமோ, வீடு மாற்றுவதோ, ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துத் துண்டாகப் பிரியுங்கள். வீட்டில் உள்ள அனைவரும் தனித்தனியே எண்ணை எழுதிக் கவிழ்த்து வையுங்கள். பெரியவர்கள் ஒன்றை மட்டும் காக்க வேண்டும்: சீட்டைத் திருப்பும்வரை வாய் திறக்கக் கூடாது.

இப்போது என் குழுவில் நான்தான் மூத்தவன். சென்ற மாதம் நான் 3 காட்டிய வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பையன் 13 காட்டினான். அவன் கை நடுங்கியதைக் கண்டேன். "நீ சொல்லப்பா, முதலில் கேட்கிறேன்" என்றேன். அவன் சொன்னதுதான் சரி. அவனுடைய வீட்டிலும் ஏதாவது ஒரு விசேஷம் காத்திருக்கும் அல்லவா?