ஊற்றுத் தண்ணீரும் புற ஊதா ஒளியும்

கொல்லிமலை குண்டூர் நாட்டில் ஊற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளினால் பளிங்கு மாதிரி இருக்கும். "இதைப் போய்க் கொதிக்க வெக்கணுமா?" என்று கேட்கத் தோன்றும். வைக்கத்தான் வேண்டும். காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் கண்ணுக்குத் தெரியாதே!

விறகில்லாமல் கிருமியைக் கொல்ல வழி உண்டா? உண்டு, ஒளி!

எந்த ஒளி?

புற ஊதாக் கதிர்களில் 'சி' வகை, கிருமியின் டி.என்.ஏ.வைச் சிதைக்கும், அப்புறம் கிருமி பெருக முடியாது. 1992-ல் சென்னையில் தலைகாட்டிய புதுவகைக் காலரா வங்காளம் வரை பரவியது. அதையடுத்து இந்திய விஞ்ஞானி அசோக் காட்கில், 1993-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் இந்த ஒளியைக் கொண்டே ஓர் எளிய கருவி செய்தார். சுமார் 60 வாட் மின்சாரத்தில் நிமிடத்துக்கு 15 லிட்டர் தண்ணீர் சுத்தமாகும்.

ஆனால், அந்த விளக்குக்குள் பாதரசம் இருக்கிறது. உடைந்தால் விஷம். பாதரசமில்லாத, சோலார் பேட்டரியில் எரிகிற குட்டி எல்.இ.டி. இருந்தால் மலைக்கிராமத்துக்கு எவ்வளவு வசதி!

எங்கே சிக்கல்?

'சி' கதிர் எல்.இ.டி. வந்துவிட்டது. ஆனால் வாங்குகிற மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட ஒளியாக வெளிவருவது அரிது. ஒரு முக்கியக் காரணம், மின்சாரம் உள்ளே போகும் மேல்படலம். அது மின்சாரத்தையும் கடத்தணும், ஒளியையும் வெளியே விடணும். உலோகம் ஒளியை மறைக்கும்; கண்ணாடி மின்சாரத்தைத் தடுக்கும். செல்போன் தொடுதிரையில் இருக்கும் இந்தியம் டின் ஆக்சைடு இரண்டையும் செய்யும். ஆனால் 'சி' கதிரை மட்டும் விழுங்கிவிடும்! விழுங்கியது சூடாகி வீணாகும். ஸ்ட்ரான்சியம் நையோபேட் என்ற படலம் புற ஊதாவையும் விடும் என்று 2020-ல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். இத்தகைய படலம் கைகூடினால் எல்.இ.டி. வலுவாகும், விலையும் இறங்கும்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. ஊதா நிறத்தில் எரிகிற டார்ச்சை நம்பி ஏமாறாதீர்கள். 'சி' கதிர் கண்ணுக்குத் தெரியாது. 260 முதல் 280 நானோமீட்டர் என்று போட்டிருக்கிறதா, பாருங்கள்.

2. கலங்கல் தண்ணீரில் ஒளி ஊடுருவாது. முதலில் வடிகட்டுங்கள்.

3. எரியும் விளக்கைப் பார்க்கவே கூடாது. கண்ணும் தோலும் புண்ணாகும்.

4. சுத்தமான தண்ணீரில் அழுக்குக் கை பட்டால் மறுபடி கிருமிதான். மூடி வையுங்கள்.

அதுவரை அடுப்புதான் துணை. மலை உயரத்தில் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பயம் வேண்டாம், தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு அதை ஆற வைத்துக் கொடுக்கலாம்.