பட்டி பார்த்தால் ஓதம் போகுமா?

பொங்கலுக்கு வெள்ளையடிப்பது தமிழ்நாட்டு வீடுகளின் பழைய வழக்கம். அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நனைந்த சுவர், மார்கழிக் கடைசியிலும் உள்ளுக்குள் ஈரமாகவே இருக்கும். சுண்ணாம்பு அடித்த காலத்தில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. சுண்ணாம்பு ஈரத்தை அடைத்து வைக்காமல் வெளியே விட்டுவிடும். இன்று அதே மார்கழியில், அதே ஈரச் சுவரில் பட்டி பார்த்து எமல்ஷன் பெயிண்ட் அடிக்கிறார்கள். சித்திரைக்குள் பெயிண்ட் கொப்புளித்துப் பொறுக்குப் பொறுக்காக உதிர்கிறது. பழி பெயிண்டர் மேல் விழுகிறது.

சொந்த வீட்டுப் பழுதைத் தாங்களே பார்க்க வேண்டும், தெரிந்ததைக் கொண்டு அக்கம்பக்கத்தாருக்கும் உதவ வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நல்ல விருப்பம். கரணை பிடிக்கவும் பெயிண்ட் பிரஷ் ஓட்டவும் யாரும் சில வாரங்களில் பழகிக்கொள்ளலாம். பழுதின் காரணத்தைக் கண்டுபிடிக்கப் பழகுவதுதான் அதைவிட முக்கியம். அந்த இடத்தில்தான் தவறான நம்பிக்கைகள் குறுக்கே நிற்கின்றன.

“ஓதம் ஏறினால் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் போதும்.”

போதாது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மேலே எதை அடித்தாலும் தண்ணீர் வேறு வழி தேடிக்கொள்ளும். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் மூன்றடி உயரத்துக்குள் நின்றுவிடும். அதன் மேல் விளிம்பில் வெள்ளை உப்புப் பூத்திருக்கும். கூரையை ஒட்டிய கறை என்றால் மொட்டைமாடித் தளத்தையும், கைப்பிடிச் சுவர் தளத்தைத் தொடும் மூலையையும் பார்க்க வேண்டும். சுவரின் நடுவில் ஈரம் தெரிந்து, மறுபுறம் குளியலறை இருந்தால் சந்தேகம் குழாயின் மேல்தான்.

குழாய்ச் சந்தேகத்தைத் தீர்க்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டத்தைக் குறித்து வைக்க வேண்டும். மோட்டார் போடக் கூடாது. காலையில் மட்டம் இறங்கியிருந்தால் தொட்டியிலிருந்து வரும் குழாயிலோ டாய்லெட் ஃப்ளஷ் தொட்டியிலோ கசிவு. இறங்காமல் இருந்தும் சுவர் நனைகிறது என்றால், கழிவுநீர் போகும் பாதையையும் டைல்ஸ் இடுக்குகளையும் பார்க்கலாம். குளியலறை வடிகால் வாயை அடைத்துத் தரையில் ஒரு நாள் தண்ணீர் தேக்கினால் அதுவும் தெரிந்துவிடும்.

இன்னொரு சோதனை பிளாஸ்டிக் தாள். ஈரமான இடத்தில் ஒரு தாளை வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட வேண்டும். தாளின் உட்பக்கம் வியர்த்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை. இந்த இரண்டு சோதனைகளைப் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுப்பதே பெரிய உதவி. தேவையில்லாமல் டைல்ஸை உடைக்கும் செலவு அவருக்கு மிச்சமாகலாம்.

“சிமென்ட் கூடினால் பலம் கூடும்.”

தானே பூச்சு வேலை தொடங்குகிறவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் கட்ட ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல் வழக்கம். உட்சுவர்ப் பூச்சுக்கு ஒன்றுக்கு ஐந்து அல்லது ஆறு. மேல்தளத்தின் அடிப்பக்கப் பூச்சுக்கு ஒன்றுக்கு நான்கு அல்லது மூன்று. சிமென்ட்டை இதற்கு மேல் கூட்டினால் கலவை காயும்போது அதிகமாகச் சுருங்கும். மயிரிழை விரிசல் வலைபோல ஓடும். பூசும் முன் பழைய பரப்பைக் கொத்திவிட்டு, தூசி போகக் கழுவி, நனைத்துக்கொள்ள வேண்டும். குழைத்த கலவை இறுகத் தொடங்கிய பிறகு தண்ணீர் ஊற்றி இளக்கிப் பூசுவது வீண்வேலை.

பூசி முடித்த பிறகு குறைந்தது ஏழு நாளாவது நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் காலத்தில் பத்து நாள். சிமென்ட் வெறுமனே காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. தண்ணீர் காட்டாமல் விட்ட பூச்சைத் தட்டினால் பொத்தென்று ஒலிக்கும்.

பழைய சுண்ணாம்புச் சுவர்களுக்குச் சிமென்ட் பூச்சு இன்னும் மோசம். செட்டிநாட்டு வீடுகளிலும், தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடுகளிலும் சுவர் சுவாசிக்கும். அதன் மேல் சிமென்ட்டை அப்பினால் ஈரம் உள்ளே சிக்கி, செங்கல்லையும் உத்தரத்தையும் அரிக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்குச் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுவதுதான் சரி.

“விரிசல் என்றால் விரிசல்தான், பூசி மறைத்துவிடலாம்.”

சென்னை திருவொற்றியூரில் 2021 டிசம்பர் 27 அன்று, 24 வீடுகள் இருந்த ஓர் அரசுக் குடியிருப்புக் கட்டடம் இடிந்து விழுந்தது. உயிரிழப்பு இல்லை. விரிசலைப் பார்த்த குடியிருப்பாளர்கள் முன்கூட்டியே வெளியேறியிருந்தார்கள். விரிசலைப் படிக்கத் தெரிவது எவ்வளவு பெரிய அறிவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசலை வீட்டுக்காரரே அடைக்கலாம். சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுவது, செங்கல்லையே பிளப்பது, ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாக நிற்பது ஆகியவை வேறு வகை. விரிசலின் முனையில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால் அது வளர்கிறதா என்று தெரியும். வளர்ந்தால் பொறியாளரைக் கூப்பிட வேண்டும். மேல்தளத்தில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தாலும் அப்படியே. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்துக் காங்கிரீட்டைப் பிளக்கிறது. மேலே பூசும் சிமென்ட்டையும் அது தள்ளிவிடும். பழைய வீட்டில் அறையைப் பெரிதாக்கச் சுவரை இடிக்கும் ஆசையும் இந்தக் கணக்கில்தான் வரும். தூண், உத்தரம் இல்லாத வீடுகளில் மேல்தளத்தைத் தாங்குவதே அந்தச் சுவர்.

“எம்சிபி இருக்கிறது, ஷாக் அடிக்காது.”

எம்சிபி வயரைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றாது. 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு மேல் மின்சாரம் பாய்ந்தால்தான் விழும். மனித உடலில் அதில் மிகச் சிறு பங்கு பாய்ந்தாலே இதயம் நின்றுவிடலாம். 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபிதான் உயிர்காக்கும் கருவி. அதிலுள்ள ‘டி’ பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்ப்பது எல்லோரும் செய்யக்கூடிய வேலை. வயரிங் மாற்றுவது உரிமம் பெற்றவர் வேலை. உதவி செய்யப் போன இடத்திலும் இந்த எல்லையைத் தாண்டக் கூடாது.

“தேய்ப்பதிலும் துளை போடுவதிலும் என்ன ஆபத்து?”

வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பழைய எனாமல் கதவுகளில் ஈயம் இருக்கலாம். உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டால் அந்தத் தூசி குழந்தைகளின் உடலுக்குள் போகும். நனைத்துத் தேய்க்க வேண்டும், முகக்கவசம் அணிய வேண்டும், குழந்தைகளை அப்புறப்படுத்த வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் துளை போடுவதும் அதை உடைப்பதும் புற்றுநோயை வரவழைக்கும் இழைகளைக் காற்றில் கலக்கும். பழகுகிறவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

“இது ஆண்கள் வேலை, நாமே செய்தால் கொத்தனார் பிழைப்பு கெடும்.”

கட்டட வேலையில் சித்தாளாகக் கலவை சுமக்கும் பெண்களைத் தமிழ்நாட்டில் எல்லாத் தெருவிலும் பார்க்கலாம். கரணை மட்டும் அவர்கள் கைக்கு வருவதில்லை. ஜார்க்கண்டில் கழிப்பறை கட்டும் பணியில் பயிற்சி பெற்ற ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ‘ராணி மிஸ்திரி’ என்ற பெயரோடு கொத்தனார்களாக நிமிர்ந்தார்கள். பிழைப்பு பற்றிய அச்சமும் பொருந்தாது. அரை நாள் ஒட்டு வேலைக்குக் கொத்தனார் வருவதே அரிது. வேலை தெரிந்த வீட்டுக்காரர்தான் நல்ல வேலையை அடையாளம் கண்டு அதற்கு உரிய கூலியைத் தயங்காமல் கொடுப்பார்.

“உதவி என்றால் பணம் கொடுப்பது.”

அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்குத் தச்சு வேலை தெரிந்திருந்தது. 1984இல் தன்னார்வலர்களோடு நியூயார்க் போய், பாழடைந்து கிடந்த ஆறு மாடிக் கட்டடத்தைப் பழுதுபார்த்து 19 குடும்பங்கள் வாழும் இடமாக்கும் பணியில் இறங்கினார். 2006இல் மகாராஷ்டிரத்தின் லோனாவாலா அருகே 100 வீடுகள் கட்டும் பணிக்கும் வந்தார். இந்த வேலைகளை நடத்திய ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி அமைப்பில், வீடு பெறும் குடும்பமும் வேலையில் கைகொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படிச் செய்தவருக்கு வீட்டோடு தொழில் அறிவும் சேர்ந்து கிடைக்கிறது. கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கரும் செலவைக் குறைக்கும் வழிகளைச் சாதாரண மக்களுக்காகப் படம் வரைந்து சிறு கையேடுகளாகவே கொடுத்தார்.

உதவ நினைக்கிறவர்கள் தெருவில் தனியாக வாழும் முதியவர் வீட்டுக் குளியலறையிலிருந்து தொடங்கலாம். கழிப்பிடத்தின் அருகே ஒரு கைப்பிடி, போகும் வழியில் நல்ல வெளிச்சம், வழுக்காத தரை ஆகிய மூன்றும் பெரிய செலவில்லாதவை. கைப்பிடியின் திருகு டைல்ஸோடும் பூச்சோடும் நின்றுவிடாமல் செங்கல்லுக்குள் ஆழமாக இறங்க வேண்டும். மாட்டி முடித்ததும் உங்கள் முழு எடையையும் கொடுத்து இழுத்துப் பாருங்கள். அதன் பிறகே அவரைப் பிடிக்கச் சொல்லுங்கள்.