மாஸ்டர் சார்ட்டை யாரிடம் ஒப்படைப்பது?

திருவானைக்காவலிலும் ஸ்ரீரங்கத்திலும் குடியிருந்துகொண்டு, காவிரிப் பாலத்தைக் கடந்து புத்தூர் அரசு மருத்துவமனைக்கு நாள்தோறும் போய்வருகிற இளம் மருத்துவர்கள் பலர் உண்டு. 1997-இல் தோன்றிய கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி., எம்.எஸ். மேற்படிப்புப் பயில்கிற அவர்கள், மூன்று ஆண்டுகளுக்குள் ஓர் ஆய்வேடு எழுதித் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்தாக வேண்டும். அந்த ஆய்வேட்டின் கடைசிப் பக்கங்களில், நோயாளி ஒருவருக்கு ஒரு வரி வீதம், வயது, இரத்த அழுத்தம், பரிசோதனை முடிவு எல்லாம் கட்டம் கட்டமாக நிரம்பிய அட்டவணை ஒன்று இருக்கும். மாஸ்டர் சார்ட் என்று அதற்குப் பெயர். முன்பக்கங்களில் உள்ளவற்றில் பெரும்பகுதி பிற நூல்களிலிருந்து திரட்டியது. இந்த அட்டவணை ஒன்றே அம்மருத்துவர் தம் கண்ணால் கண்டு, தம் கையால் எழுதி, வைத்திய சாஸ்திரத்துக்குப் புதிதாகச் சேர்த்த சொத்து. அதைத் தயாரிக்கவும் பரிசோதிக்கவும் பாதுகாக்கவும் யாருடைய உதவியை நாடுவது என்ற யோசனை, பெரும்பாலும், ஆய்வேட்டைப் பைண்டிங் செய்யக் கொடுப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் பிறக்கிறது.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டணம், மென்பொருளின் பெருமை, உதவி செய்பவரின் பட்டம் ஆகிய மூன்றையும் இரண்டாம் பட்சமாக வைத்து, முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே நம்மோடு உட்கார்ந்து, நோயாளியின் விவரங்களைப் பதியும் படிவமான புரொஃபார்மாவைப் படித்துப் பார்க்க இசைகிறவர் யாரோ அவரையே தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு வந்து கணக்குப் போட்டுத் தருகிறேன் என்பவர் எவ்வளவு பெரிய நிபுணராயினும், கேட்காமல் விட்ட கேள்விக்கு விடையை அவரால் உண்டாக்க முடியாது. உண்டாக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரிடமிருந்து உடனே விலகிவிடுவது உசிதம்.

முன்கூட்டியே பார்ப்பதால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு நம் ஊரையே உதாரணமாகக் காட்டலாம். ஸ்ரீரங்கத்தில் ரங்கராஜன்களுக்கும் ரங்கநாயகிகளுக்கும், திருவானைக்காவலில் ஜம்புலிங்கங்களுக்கும் அகிலாண்டங்களுக்கும் பஞ்சமில்லை. குடும்பப் பெயர் என்ற வழக்கம் இல்லாத நம்மிடையே, தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒரு சீட்டில் முன்னாலும் மறு சீட்டில் பின்னாலும் நிற்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே செல்வி இருவேறு எழுத்துக்களில் தொடங்குவாள். கணவர் பெயரின் எழுத்து சேர்ந்துவிட்டால் அவளே மூன்றாவது பெண்ணாகவும் ஆகிவிடுவாள். மறுபரிசோதனைக்கு ஆறு மாதம் கழித்து வரும் நோயாளி முன்பு வந்தவர்தாமா என்பதைப் பெயரைக் கொண்டு தீர்மானிக்கப் புகுந்தால், ஒருவரே இருவராவதும் இருவர் ஒருவராவதும் நிச்சயம். ஆய்வுக்கென்று தனி எண் ஒன்றைத் தொடக்கத்திலேயே வழங்கிவிட்டால் இத்தொல்லை இல்லை.

தேதியின் கதை இன்னும் விசித்திரமானது. அமெரிக்க முறையில் அமைந்த கணினியில் எக்செல் அட்டவணையைத் திறந்து, ஏப்ரல் மாதம் மூன்றாம் தேதியை 3/4 என்று நம் வழக்கப்படி எழுதினால், அது மார்ச் நான்காம் தேதியாக மௌனமாக மாறிவிடும். பதின்மூன்றாம் தேதி முதல் மாதக் கடைசி வரையுள்ள நாட்களோ, பதின்மூன்றாவது மாதம் என்று ஒன்று இல்லாமையால், தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். ஆக மாதத்தின் முற்பகுதியில் வந்த நோயாளிகள் மட்டும் காலம் தவறிப் போவார்கள். இதைப் போலவே, வயது தெரியாதவர்களுக்கு 99 என்று குறியிட்டுவிட்டு, அப்படிக் குறியிட்ட செய்தியை எழுதிவைக்காமல் விட்டால், கணக்குப் போடுகிறவர் அவர்களையெல்லாம் தொண்டுகிழவர்களாகக் கருதிச் சராசரி காண்பார். ஆனைக்காக் கோயில் மதிலில் சோழர் காலத்துத் தானசாசனங்களை வெட்டியவர்கள், நிலத்தின் நான்கெல்லையையும் அளவையும், எழுதினவனை ஒருநாளும் காணாதவனும் அறியும்படி எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு குறியீட்டுக்கும் பொருள் சொல்லும் விளக்கக் குறிப்பும் மாஸ்டர் சார்ட்டுக்கு அவ்வாறே அமைய வேண்டும்.

இனி, உதவி கிடைக்கும் இடங்களைப் பார்ப்போம். மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் உள்ள புள்ளியியலாளர் முதலாவது. கட்டணமில்லை; புரொஃபார்மாவின் மொழி அவருக்குப் புரியும்; நெறிமுறைக் குழுவின் வழக்கங்களையும் அறிந்திருப்பார். கல்லூரி முழுவதற்கும் அவர் ஒருவராகவே இருக்கக்கூடும் என்பதும், பாடம் நடத்தும் கடமையும் அவருக்கு உண்டு என்பதுமே குறை. ஆயினும் அவரைத் தொடக்கத்தில் அரைமணி நேரம் சந்திப்பதற்கும், கடைசி மாதத்தில் கூட்டத்தோடு கூட்டமாகச் சந்திப்பதற்கும் மிகுந்த வேற்றுமை உண்டு. கலைக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் உள்ள புள்ளியியல் பேராசிரியர்கள் கணக்கில் இவரினும் வல்லவராக இருப்பார்கள். ஆனால் சர்க்கரை அளவு வெறும் வயிற்றில் எடுத்ததா, சாப்பிட்ட பின் எடுத்ததா என்று கேட்கத் தோன்றுவது மருத்துவமனையில் பழகியவருக்கே. அப்பேராசிரியர்களை நாடினால், ஒருநாள் வெளிநோயாளிப் பிரிவுக்கு அழைத்து வந்து காட்டிவிடுவது நல்லது.

மருத்துவக் கல்லூரி உள்ள ஊர்களில் எல்லாம், தீசிஸ் உதவி என்று பலகை தொங்கவிட்ட தனியார் நிலையங்கள் முளைத்திருக்கின்றன. அவர்களில் யோக்கியமாகத் தொழில் செய்கிறவர்களும் உண்டு. எந்தச் சோதனையை ஏன் செய்தார் என்பதை எழுதித் தருவாரா, கணக்கின் படிகளைக் கோப்பாகக் கொடுப்பாரா, காலியாக உள்ள கட்டத்தைக் காலியாகவே விடுவாரா என்று மூன்று கேள்விகள் கேட்டாலே தராதரம் தெரிந்துவிடும். கணக்குப் பார்ப்பதற்கு மட்டும், அதுவும் பெயர், விலாசம், தொலைபேசி எண், உள்நோயாளி எண் ஆகியவற்றை நீக்கிய பின்பே, அவர்களிடம் அட்டவணையைக் கொடுக்கலாம். புரொஃபார்மா தயாரிப்பது முதல் முடிவுரை எழுதுவது வரை மொத்தக் குத்தகைக்கு விடுவது, தேர்வு மண்டபத்தில் பிறரை உட்காரவைப்பதற்குச் சமானமான காரியம்.

சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் உயிர்ப்புள்ளியியல் துறை போன்ற பெரிய ஸ்தாபனங்களின் நிலை வேறு. பல ஊர்களில், பல ஆண்டுகள் நடக்கும் ஆராய்ச்சிக்கு அவர்களோடு கூட்டுச் சேர்வதே முறை. ஓர் ஆய்வேட்டுக்காக அவர்கள் வாயிலில் காத்து நிற்பது வீண். 1968-இல் செங்கல்பட்டில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனை இலட்சக்கணக்கானவர்களைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, முடிவை 1999-இல் வெளியிட்டது. அத்தகைய காரியத்துக்குச் சம்பளம் பெறும் எழுத்தர் படையும், அவர்களை மேற்பார்க்கும் அமைப்பும் வேண்டும். ஆனால் சிறிய ஆய்வு என்று இளைஞர்கள் மனம் சோர வேண்டியதில்லை. 1956-இல் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மையம், நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மற்றவரை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்து, வீட்டுச் சிகிச்சை தாழ்ந்ததன்று என்று 1959-இல் நிரூபித்தபோது, அதில் சேர்ந்திருந்த நோயாளிகளின் தொகை இருநூறுக்குச் சற்றுக் குறைவே. உலகமெங்கும் காசநோய் வைத்தியத்தின் போக்கை மாற்றிய அவ்வாராய்ச்சியின் பலம், நோயாளியையும் அவர் குடும்பத்தாரையும் வீடு தேடிச் சென்று விடாமல் பின்தொடர்ந்து குறித்துவைத்த சிரத்தையில் இருந்தது.

மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். எக்செல் எல்லாரிடமும் உண்டு, எதையும் ஏற்றுக்கொள்ளும். எதையும் ஏற்பதே அதன் ஆபத்து. 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் வடிவத்தைப் பயன்படுத்தியதால், ஏறக்குறைய 16,000 கோவிட் நோயாளிகளின் விவரம் சில நாட்கள் கணக்கில் வராமலே போயிற்று. நூறு நோயாளிகளைக் கொண்ட ஆய்வேட்டுக்கு, டென்மார்க்கில் உருவாகி இலவசமாகக் கிடைக்கும் எபிடேட்டா போதுமானது. அனுமதித்த எண்ணைத் தவிர வேறெதையும் அது ஏற்காது. ஒரே விவரத்தை இருவர் தனித்தனியே பதிந்து ஒப்பிட்டுப் பார்க்கவும் இடங்கொடுக்கும். கிராமங்களுக்குச் சென்று வீடு வீடாக விசாரிப்பவர்களுக்குக் கோபோ டூல்பாக்ஸ் ஏற்றது: தமிழிலேயே கேள்விகளை அமைக்கலாம், இணையம் இல்லாத இடத்திலும் கைபேசியில் பதியலாம், பதிந்தவை வெளிநாட்டுச் சேவையகத்தில் தங்கும் என்பதை மட்டும் நெறிமுறைக் குழுவுக்கு முன்பே தெரிவித்துவிட வேண்டும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004-இல் பிறந்த ரெட்கேப் இவை எல்லாவற்றிலும் சிறந்தது. யார், எப்போது, எந்த எண்ணைத் திருத்தினார் என்பதையும் அது குறித்துவைக்கிறது. இலாப நோக்கற்ற நிறுவனங்களுக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டியது கல்லூரி. சேவையகமும் அதைப் பராமரிக்க ஆளும் வேண்டும். மாணவர் ஒருவர் தனியே விரும்பிப் பெறத்தக்கதன்று அது.

இரகசியத்தைப் பற்றி நம் நாட்டில் போதிய கவனம் இல்லை. பெயரும் உள்நோயாளி எண்ணும் அழியாத மாஸ்டர் சார்ட்டோடு ஓர் ஆய்வேடு இணையக் களஞ்சியத்தில் ஏறிவிட்டால், எய்ட்ஸ் நோயோ மனநோயோ கொண்ட ஒருவரின் வாழ்க்கை ஊரறிய விரிந்துவிடும். பெயரையும் ஆய்வு எண்ணையும் இணைக்கும் பட்டியலைத் தனியே, பூட்டிய பெட்டியில், வழிகாட்டிப் பேராசிரியர் பொறுப்பில் வைக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள் இரகசியத்தை வற்புறுத்துகின்றன. 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்குச் சில விலக்குகள் அளித்தாலும், அவை நிபந்தனைக்கு உட்பட்டவை. வாட்ஸ்அப் குழுவில் கேஸ் ஷீட்டின் படத்தைப் போட்டு, யாராவது பதிந்துகொடுங்கள் என்று கேட்கும் பழக்கத்தை எந்த நிபந்தனையும் அனுமதிக்காது.

மருந்தையோ சிகிச்சை முறையையோ ஒப்பிட்டுச் சோதிப்பவர்களுக்குக் கூடுதல் கடமை உண்டு. 2007-இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு, 2018 ஏப்ரல் முதல், நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே வரும் பதிவுகளைத்தான் ஏற்கிறது. திரட்டிய விவரங்களைப் பிறரோடு பகிர்வீர்களா, எவ்வாறு என்பதைத் தெரிவிக்கும் அறிக்கையை, மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழுவைச் சார்ந்த இதழ்கள் 2018 ஜூலை முதல் கேட்கின்றன. உதவியாளரைத் தேடும்போது இவ்விரண்டையும் அறிந்தவரா என்று விசாரித்துக்கொள்வது அவசியம்; அறியாதவரானால் அவருடைய கணிதப் புலமை இங்கே முழுப் பயன் தராது.

ஆகவே, ஆய்வேடு எழுதும் மாணவர் கல்லூரிப் புள்ளியியலாளரையும் எபிடேட்டாவையும் கொண்டு தொடங்கட்டும். நிதி பெற்று ஆராயும் பேராசிரியர், விவரங்களைப் பராமரிக்க ஒருவருக்குச் சம்பளம் கேட்டுத் திட்டத்திலேயே எழுதட்டும். தனியார் நிலையம் கடைசிப் புகலாக இருக்கட்டும். ரெட்கேப் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுச் சேவையகமும் அதற்கோர் ஆளும் அமர்த்துவது கல்லூரி முதல்வர்கள் செய்யவேண்டிய காரியம். துறைத் தலைவர்கள் கூடி எழுத்து மூலமாக அதைக் கேட்க வேண்டும். அது கைகூடும் வரையில், இவ்வாண்டு சேர்ந்திருக்கும் மாணவர்கள் தங்கள் புரொஃபார்மாவை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்புமுன், புள்ளியியலாளர் மேஜையில் ஒருமுறை வைத்துவிட்டு அனுப்பட்டும்.