'காப்பி முடிந்தது' என்றால் வேலை முடிந்ததா? செவ்வாயில் கல் எடுக்கும் ரோவர் தரும் பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு அதன் மேல் அளவு கடந்த நம்பிக்கை இருக்கும். 'காப்பி முடிந்துவிட்டது' என்று கம்ப்யூட்டரே சொன்ன பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று நினைப்போம். அந்த நம்பிக்கையால் என்ன ஆகும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம். இதற்கு உதாரணம், செவ்வாய்க் கிரகத்தில் கல் எடுக்கும் பெர்சிவரன்ஸ் ரோவர்.

செவ்வாய்க்குப் போன ரோபோவுக்கும் நம் வீட்டு மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறைய இருக்கிறது. முதலில் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

ரோவருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்

அமெரிக்காவின் நாசா அனுப்பிய பெர்சிவரன்ஸ், 2020 ஜூலை 30 அன்று புறப்பட்டு 2021 பிப்ரவரி 18 அன்று செவ்வாயின் ஜெஸிரோ என்ற பள்ளத்தில் இறங்கியது. ஆறு சக்கரங்கள், சுமார் 1,025 கிலோ எடை. ஏறக்குறைய ஒரு காரின் அளவு. இவ்வளவு பெரிய இயந்திரத்தை இயக்கும் கம்ப்யூட்டர் எவ்வளவு சக்தி வாய்ந்தது என்று நினைக்கிறீர்கள்?

பிராசஸர் வேகம்: அதிகபட்சம் 200 மெகாஹெர்ட்ஸ்
ராம்: 256 எம்பி
பிளாஷ் மெமரி: 2 ஜிபி

ஆச்சரியமாக இருக்கிறதா? உங்கள் லேப்டாப்பில் 8 ஜிபி ராம் இருந்தால், அது ரோவரில் இருப்பதைப்போல 32 மடங்கு. ரோவரின் சேமிப்பு இடம் முழுவதும் ஒரு பழைய பென் டிரைவுக்குள் அடங்கிவிடும். ரேட்750 என்ற இந்த பிராசஸர், 1990களின் கடைசியில் ஆப்பிள் கம்ப்யூட்டர்களில் இருந்த பவர்பிசி 750 சிப்பின் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஏன் இவ்வளவு பழைய சிப்? விண்வெளியில் கதிர்வீச்சு அதிகம். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் 0, 1 என்றுதான் வைத்திருக்கிறது என்று படித்திருப்பீர்கள். ஒரு கதிர்த்துகள் மெமரியில் மோதினால் 0 இருந்த இடத்தில் 1 வந்துவிடலாம். அதைத் தாங்கும்படி தனியாக வடிவமைத்து, பல ஆண்டுகள் சோதித்த சிப்பைத்தான் நம்ப முடியும். இங்கே வேகத்தைவிட நம்பகம்தான் முக்கியம். இதே போன்ற இன்னொரு கம்ப்யூட்டரும் உள்ளே தயாராக இருக்கிறது. ஒன்று பழுதானால் மற்றொன்று பொறுப்பேற்கும்.

கல் எடுப்பது எப்படி?

எந்தக் கம்ப்யூட்டர் வேலையையும் உள்ளீடு, செயலாக்கம், வெளியீடு என்று மூன்றாகப் பிரிக்கலாம். ரோவரில் உள்ளீடு தருபவை கேமராக்களும் சென்சார்களும். செயலாக்கம் பிராசஸரில் நடக்கிறது. நமக்கு மானிட்டர், பிரிண்டர் போல ரோவருக்கு வெளியீட்டுச் சாதனங்கள் மோட்டார்கள்தான்.

ரோவரின் முன்புறம் சுமார் 2.1 மீட்டர் நீளமுள்ள கை இருக்கிறது. அதன் முனையில் டிரில். சுவரில் ஆணி அடிக்க ஓட்டை போடும் மிஷின் போலவே இதுவும் சுழன்றுகொண்டே இடிக்கும். ஆனால் இதன் பிட் உள்ளே குழாய் போலக் காலியாக இருக்கும். துளை போடும்போது நடுவில் ஒரு சுண்ணாம்புக்கட்டி அளவுக்குக் கல் துண்டு நிற்கும். அதன் விட்டம் சுமார் 13 மில்லிமீட்டர். நீளம் சுமார் 60 மில்லிமீட்டர். பிட்டுக்குள் இருக்கும் டைட்டானியக் குழாயில் அந்தத் துண்டு நேரடியாக இறங்கிவிடும். பிறகு ரோவரின் வயிற்றுக்குள் இருக்கும் இன்னொரு சிறிய கை அந்தக் குழாயை எடுத்துப்போய், எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று அளந்து, படம் எடுத்து, மூடி போட்டு, காற்றுப் புகாமல் சீல் வைக்கும். இப்படி மொத்தம் 43 குழாய்களை ரோவர் எடுத்துச் சென்றது.

இதை யாரும் பூமியிலிருந்து ஜாய்ஸ்டிக் வைத்து இயக்குவதில்லை. கட்டளை செவ்வாய்க்குப் போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும். பதில் வர அதே அளவு நேரம். எனவே செய்ய வேண்டிய வேலைகளை வரிசையாகப் பட்டியல் போட்டு மொத்தமாக அனுப்பிவிடுவார்கள். ரோவர் அதை ஒவ்வொன்றாகத் தானே செய்யும். புரோகிராம் என்பதும் இதுதான்.

எல்லாம் சரி, குழாய் காலி!

2021 ஆகஸ்ட் 6. முதல் முறையாகக் கல் எடுக்கும் நாள். டிரில் கட்டளையிட்டபடியே 7 சென்டிமீட்டர் ஆழம் போனது. குழாய் பத்திரமாக உள்ளே போனது. எங்கும் தடை இல்லை, பிழைச் செய்தி இல்லை. பட்டியலில் இருந்த ஒவ்வொரு வேலையும் முடிந்திருந்தது.

ஆனால் குழாயில் எவ்வளவு கல் இருக்கிறது என்று அளக்கும் கம்பி உள்ளே போனபோது எதிலும் முட்டவில்லை. படத்திலும் வெறும் குழாய். கல் எங்கே?

அடுத்த நாட்களில் கேமராவைத் துளைக்கு மேலே கொண்டுபோய்ப் பார்த்தார்கள். விடை கிடைத்தது. அந்தப் பாறை எதிர்பார்த்ததைவிட மிகவும் உளுத்துப்போனது. டிரில் பட்டதும் துண்டாக நிற்காமல் பொடியாகிவிட்டது. பொடி துளையின் அடியிலும் சுற்றிலும் கிடந்தது. குழாய்க்குள் செவ்வாயின் காற்று மட்டுமே இருந்தது.

கவனியுங்கள். இங்கே சாஃப்ட்வேரில் தவறில்லை. மோட்டார்களிலும் தவறில்லை. '7 சென்டிமீட்டர் துளை போடு' என்றால் போட்டது. 'குழாயை உள்ளே எடு' என்றால் எடுத்தது. கட்டளை நிறைவேறியது என்பது வேறு. நமக்கு வேண்டியது கிடைத்தது என்பது வேறு. அந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுத்தது, குழாயை அளந்து பார்க்கும் அந்த ஒரு சிறிய சோதனைதான். அதுவும் இல்லாமல் இருந்திருந்தால்? வெறும் குழாய்களைக் கல் என்று நம்பிச் சேர்த்துக்கொண்டே போயிருப்பார்கள்.

அடுத்த முறை ஒரு படியைச் சேர்த்தார்கள். ரோஷெட் என்று பெயரிட்ட வேறொரு பாறையில் 2021 செப்டம்பர் 1 அன்று துளை போட்டதும், குழாயை உள்ளே அனுப்பாமல் நிறுத்தி, அதன் வாயைப் படம் எடுத்தார்கள். கல் தெரிந்தது. குழாயைக் குலுக்கிய பிறகு எடுத்த படம் வெளிச்சம் போதாமல் இருட்டாக இருந்தது. 'முதலில் பார்த்தோமே, போதும்' என்று விடவில்லை. நல்ல வெளிச்சத்தில் மறுபடி படம் எடுத்து, கல் இருப்பதை உறுதி செய்துகொண்ட பிறகே சீல் வைத்தார்கள். முதல் கல் இப்படித்தான் கிடைத்தது.

என் பென் டிரைவ் கதை

இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய வலிதான் வந்தது. இன்ஜினியரிங் கடைசி ஆண்டில் என் லேப்டாப்பை பார்மட் செய்யக் கொடுக்க வேண்டியிருந்தது. டெஸ்க்டாப்பில் இருந்த புராஜெக்ட் போல்டரை பென் டிரைவில் காப்பி செய்தேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு வேகமா என்று மகிழ்ந்தேனே தவிர, சந்தேகப்படவில்லை.

லேப்டாப் திரும்பி வந்தது. பென் டிரைவைத் திறந்து கிளிக் செய்தால் போல்டர் திறக்கவில்லை. ஐகானின் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. நான் காப்பி செய்தது போல்டரை அல்ல, அதற்குப் போகும் ஷார்ட்கட்டை! அளவு 2 கேபி. மூன்று மாத வேலை போய்விட்டது. கம்ப்யூட்டர் என்னை ஏமாற்றவில்லை. எதைக் காப்பி செய்யச் சொன்னேனோ அதைச் சரியாகச் செய்திருந்தது. குழாயை அளந்து பார்க்காதவன் நான்தான்.

பிழைச் செய்தி எதிரி அல்ல

இன்னொரு சம்பவத்தையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 29 அன்று ஒரு கல்லை எடுத்த பிறகு, பிட்டை அதன் இடத்தில் வைக்கும்போது வழக்கத்தைவிட முன்னதாகவே ஏதோ தடுப்பதைச் சென்சார் உணர்ந்தது. ரோவர் என்ன செய்தது தெரியுமா? அழுத்தித் தள்ளவில்லை. அப்படியே நின்று, பூமிக்குத் தகவல் அனுப்பிக் காத்திருந்தது. படம் எடுத்துப் பார்த்தால் உள்ளே சில கூழாங்கற்கள் விழுந்து கிடந்தன. அவசரப்படாமல் 2022 ஜனவரியில் அவற்றை அகற்றி, ரோவரைக் காப்பாற்றினார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? திரையில் பிழைச் செய்தி வந்தால் படிக்காமலே 'ஓகே' பட்டனை அழுத்துகிறோம். அடுத்த முறை கை மவுஸுக்குப் போகும் முன் அந்த வரியை ஒரு தடவை படியுங்கள். புரியாவிட்டால் அப்படியே போனில் படம் எடுத்து வையுங்கள். உதவி கேட்கும்போது அதுதான் பயன்படும்.

இரண்டு பிரதி, இரண்டு இடம்

ரோவர் பல பாறைகளில் ஒன்றுக்கு இரண்டாகக் கல் எடுத்தது. ஒன்று ரோவரின் வயிற்றில் இருக்கும். மற்றொன்றை, திரீ ஃபோர்க்ஸ் என்ற சமதளத்தில் 2022 டிசம்பருக்கும் 2023 ஜனவரிக்கும் இடையில் இறக்கி வைத்தது. அங்கே இருப்பவை 10 குழாய்கள். ரோவர் பழுதாகி நின்றாலும் அவை பத்திரமாக இருக்கும். பேக்கப் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டுமா? கல் கிடைக்காத அந்த முதல் குழாயும், செவ்வாய்க் காற்றின் மாதிரியாக அங்கேதான் இருக்கிறது.

2024 ஜூலையில் சேயாவா ஃபால்ஸ் என்ற பாறையிலிருந்து ஒரு துண்டு எடுக்கப்பட்டது. பழங்கால நுண்ணுயிர்களின் தடயமாக இருக்கக்கூடிய அடையாளங்கள் அந்தப் பாறையில் உள்ளன என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். உயிர் இருந்தது என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. உறுதி செய்ய அந்தத் துண்டு பூமியின் சோதனைக்கூடத்துக்கு வர வேண்டும். ஆனால் கொண்டுவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் வரை ஆகலாம், 2040 வரை காத்திருக்க நேரலாம் என்று 2024 ஏப்ரலில் நாசாவே கூறியது. இந்தத் துண்டு கிடங்கு அமைத்த பிறகு எடுத்ததால் அங்கே இல்லை. ஒரே ஒரு பிரதி எவ்வளவு விலை மதிப்புள்ளது என்று இப்போது புரியும்.

செய்து பாருங்கள்

இன்றைக்கே பத்து நிமிடம் ஒதுக்கி இதைச் செய்யுங்கள்.

1. இழக்க முடியாத ஒரு போல்டரைத் தேர்ந்தெடுங்கள். குடும்பப் படங்கள், சான்றிதழ்கள், கணக்கு எதுவானாலும் சரி.

2. ஐகானின் மூலையில் அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது ஷார்ட்கட். உண்மையான போல்டரைத் தேடிப் பிடியுங்கள்.

3. போல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ் என்பதைத் திறந்து, அளவையும் பைல்களின் எண்ணிக்கையையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

4. பென் டிரைவிலோ எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலோ காப்பி செய்யுங்கள். அங்கேயும் ப்ராப்பர்டீஸ் பார்த்து, இரண்டு எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள்.

5. டிரைவை முறைப்படி எஜெக்ட் செய்து கழற்றி, முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, இரண்டு மூன்று பைல்களைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப்.

6. அந்த டிரைவை லேப்டாப் பைக்குள்ளேயே வைக்காதீர்கள். பை தொலைந்தால் இரண்டும் போகும். வேறு இடத்தில் வையுங்கள்.

நாலாவது, ஐந்தாவது படிகளைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்துகொண்டே குழாய்க்குள் கல் இருக்கிறதா என்று இரண்டு முறை எட்டிப் பார்த்தார்கள். நம் பென் டிரைவ் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.