காற்று மூலையிலிருந்து அடித்தால்? சிட்டிகார்ப் கோபுரம் சொல்லும் பாடம்

நியூயார்க் மேன்ஹாட்டனில், லெக்சிங்டன் அவென்யூவில் ஒரு 59 மாடி அலுவலகக் கட்டடம் இருக்கிறது. உயரம் 279 மீட்டர். உச்சி 45 டிகிரி சாய்வாக வெட்டின மாதிரி இருக்கும். 1977இல் திறக்கப்பட்டபோது அதன் பெயர் சிட்டிகார்ப் சென்டர். திறந்து ஒரு வருஷம்கூட ஆகாத நிலையில், ஒரு பலமான புயல் வந்தால் இது விழுந்துவிடலாம் என்று அதை வடிவமைத்த இன்ஜினியரே கண்டுபிடித்தார். சிவில் மாணவர்கள் மட்டும் இல்லை, எந்தத் துறையில் இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

தூண்கள் ஏன் மூலையில் இல்லை?

அந்த இடத்தின் ஒரு மூலையில் செயின்ட் பீட்டர்ஸ் என்ற பழைய தேவாலயம் இருந்தது. நிலத்தைக் கொடுக்க அவர்கள் சம்மதித்தார்கள், ஆனால் ஒரு நிபந்தனை: அதே மூலையில் புதிய தேவாலயம் கட்டித்தர வேண்டும், கோபுரத்தின் தூண் எதுவும் அதற்குள் வரக் கூடாது.

ஆர்க்கிடெக்ட் ஹ்யூ ஸ்டபின்ஸ், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வில்லியம் லெமெஷரியர் இருவரும் சேர்ந்து தூண்களை மூலையிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் வைத்தார்கள். சுமார் 9 மாடி உயரத்துக்கு நான்கு பெரிய கால்கள், நடுவில் லிஃப்ட் இருக்கும் கோர். மூலைகள் அந்தரத்தில் நிற்கும். மேலே உள்ள எடை நடுத்தூணுக்கு வந்து சேர, ஒவ்வொரு பக்கத்திலும் எட்டு மாடிக்கு ஒன்றாக 'வி' வடிவ ஸ்டீல் பிரேஸ்கள்.

இதனால் கட்டடம் எடை குறைவாக அமைந்தது. எடை குறைந்தால் காற்றில் ஆட்டம் கூடும். அதற்காக உச்சியில் 400 டன் கான்கிரீட் பாளத்தை எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கவிட்டார்கள். கட்டடம் ஒரு பக்கம் போனால் பாளம் எதிர்ப்பக்கம் இழுக்கும். இதுதான் நாம் படிக்கிற ட்யூன்டு மாஸ் டேம்பர். ஒரு விஷயத்தை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்: இது ஓட மின்சாரம் வேண்டும்.

ஒரு மாணவர் கேட்ட கேள்வி

1978இல், நடுவில் தூண் வைத்தது சரியா என்று ஒரு மாணவர் லெமெஷரியரிடம் போனில் கேட்டார். அவரும் பொறுமையாக விளக்கினார். விளக்கிய பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. அன்றைய நியூயார்க் விதிப்படி, பக்கத்துக்கு நேராக அடிக்கிற காற்றை மட்டும் கணக்கிட்டால் போதும். மூலையிலிருந்து குறுக்காக அடித்தால் என்ன ஆகும்?

சாதாரணக் கட்டடத்தில் பெரிதாக ஒன்றும் ஆகாது. குறுக்குக் காற்றை இரண்டு திசையாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 0.707 மடங்குதான். ஆனால் இங்கே ஒவ்வொரு பிரேஸும் இரண்டு வேலை பார்க்கிறது. ஒரு திசைக் காற்றுக்கு ஷியரைத் தாங்கும் பிரேஸே, இன்னொரு திசைக் காற்றுக்குக் கட்டடம் கவிழாமலும் பிடிக்கிறது. குறுக்காக அடித்தால் பாதிப் பிரேஸ்களில் இந்த இரண்டு விசையும் கழிந்துபோகும். மீதிப் பாதியில் கூடும்: 0.707 + 0.707 = 1.414. அதாவது 40 சதவீதம் அதிகம்.

40 எப்படி 160 ஆனது?

பிரேஸ் மட்டும் என்றால் 40 சதவீதத்தைச் சமாளித்திருக்கலாம். சிக்கல் இணைப்பில் இருந்தது. டிசைனில் இணைப்புகளுக்கு முழு வெல்டிங் சொல்லியிருந்தது. செலவும் நேரமும் குறையும் என்று கட்டும்போது போல்ட்டாக மாற்றிவிட்டார்கள். நேர்க்காற்றுக்கு அது போதும் என்பதால் யாரும் தவறாக நினைக்கவில்லை.

ஒரு எளிய கணக்கு போட்டுப் பார்ப்போம். காற்று பிரேஸை 100 அலகு இழுக்கிறது. கட்டடத்தின் எடை அதை 75 அலகு அமுக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் தாங்க வேண்டியது மீதி 25. காற்று 140 ஆனால் எடை கூடாது, அதே 75தான். இப்போது மீதி 65. காற்று கூடியது 40 சதவீதம், போல்ட்டின் சுமை கூடியது 160 சதவீதம்! லெமெஷரியருக்கு வந்த விடையும் இதே 160தான்.

டேம்பர் ஓடாவிட்டால், 16 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய புயலே கட்டடத்தைச் சாய்க்கப் போதும் என்று கணக்கு வந்தது. புயலில் முதலில் போவது கரண்ட்தானே?

இரவு வெல்டிங்

மௌனமாக இருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. லெமெஷரியர் நேராகப் போய்ச் சிட்டிகார்ப் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டார். 1978 ஆகஸ்டில் பழுதுபார்க்கும் வேலை ஆரம்பித்தது. பகலில் ஊழியர்கள் வேலை பார்ப்பார்கள். ஆள் போன பிறகு இரவு முழுக்க வெல்டர்கள், 200க்கும் மேற்பட்ட இணைப்புகளில் இரண்டு அங்குல ஸ்டீல் தகடுகளைப் பற்றவைத்தார்கள். வேலை பாதியில் இருக்கும்போது செப்டம்பர் ஆரம்பத்தில் எல்லா என்ற சூறாவளி நெருங்கியது. சுற்றுவட்டாரத்தைக் காலி செய்யும் திட்டம்கூடத் தயாராக இருந்தது. நல்லவேளை, புயல் கடல் பக்கம் திரும்பிவிட்டது.

அப்போது நியூயார்க் பத்திரிகைகளில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்ததால் செய்தியும் பெரிதாக வெளிவரவில்லை. முழு உண்மை வெளியே வந்தது 1995இல், நியூயார்க்கர் இதழ்க் கட்டுரை மூலம்.

இதில் நமக்கு என்ன?

கேள்வி கேட்ட மாணவர் யார் என்பது பல ஆண்டுகள் தெரியவில்லை. பிரின்ஸ்டனில் இந்தக் கட்டடத்தைப் பற்றியே ஆய்வேடு எழுதிய டயான் ஹார்ட்லியும் அதே காலத்தில் அந்த அலுவலகத்திடம் குறுக்குக் காற்றைப் பற்றிக் கேட்டிருந்தார். பிரச்சினை இல்லை என்று அவருக்குப் பதில் வந்தது. தன் கேள்வி எவ்வளவு பெரியது என்று பின்னால்தான் அவருக்கே தெரிந்தது.

2019இல் அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் புதிய முறையில் மறுபடி கணக்கிட்டபோது, குறுக்குக் காற்று அன்று பயந்த அளவுக்கு மோசம் இல்லை என்று வந்தது. அதனால் லெமெஷரியர் செய்தது வீண் என்று ஆகிவிடாது. கையில் இருந்த கணக்கு ஆபத்து என்று சொன்னபோது, அவர் அதை மறைக்கவில்லை.

ஆனால் ஒரு பக்கம் உறுத்துகிறது. உள்ளே வேலை பார்த்தவர்களுக்கும் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கும் 17 ஆண்டுகள் எதுவும் சொல்லப்படவில்லை. பீதி வரக் கூடாது என்பது ஒரு நியாயம். தன் தலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது அவர்களுடைய உரிமை என்பதும் நியாயம்தான். நீங்கள் அந்த இன்ஜினியராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அடுத்த எத்திக்ஸ் வகுப்பில் பேசிப் பாருங்கள்.

கோடு கேட்பதை முடித்துவிட்டால் டிசைன் முடிந்துவிட்டது என்று நாம் எல்லோருமே நினைக்கிறோம். லேப் ரெக்கார்டு வரைக்கும் அப்படித்தான் எழுதுகிறோம். கோடு என்பது குறைந்தபட்சம், அவ்வளவுதான். புதுமாதிரிக் கட்டடத்துக்குக் கோடு கேட்காத கேள்வியை யாராவது கேட்டாக வேண்டும். 1978இல் அதைக் கேட்டது நம்மை மாதிரி மாணவர்கள்தான்.