சமய நம்பிக்கையும் விஞ்ஞானக் கோட்பாடும்: தோட்டத்துக் காய்ச்சல் தரும் பாடம்

சமய வகுப்பு நடத்தும் அன்பர்களிடம் பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அம்மை நோய் கிருமியால் வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள். ஆத்தா இறங்கியிருக்கிறாள் என்று பாட்டி சொல்கிறார். எது உண்மை?" விடை தெரியாமல் சிலர் பிள்ளையை அதட்டி உட்கார வைத்துவிடுகிறார்கள். வேறு சிலர், வேப்பிலையும் மஞ்சளும் கிருமியைக் கொல்லும், நம் முன்னோர் அன்றே விஞ்ஞானம் அறிந்திருந்தனர் என்று சமாளிக்கிறார்கள். முதல் விடை பிள்ளைக்கு உதவாது. இரண்டாவது விடையோ சமயத்திற்கே நல்லதல்ல. இதனை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. நம் சிலாங்கூர் தோட்டங்களின் பழைய வரலாறே போதும்.

காட்டை அழித்து ரப்பர் நடுவதற்காகக் கப்பலேறி வந்த நம் மக்களில் ஏராளமானோரைக் குளிர் காய்ச்சல் கொண்டுபோயிற்று. லயத்துக்கு அருகே மரத்தடியில் கல்லும் சூலமும் நட்டு, மாரியம்மனை வேண்டிக்கொண்டார்கள். துரைமார்கள் மட்டும் தெளிவாக இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. 'மலேரியா' என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் ஆவியே காய்ச்சலுக்குக் காரணம் என்று படித்தவர்களும் நெடுங்காலம் நம்பினார்கள். 1897 ஆகஸ்ட் 20ஆம் நாள் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்ட பிறகே நிலைமை மாறியது.

1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மால்கம் வாட்சன் என்னும் இளம் மருத்துவர் கிள்ளானுக்கு அரசாங்க டாக்டராக வந்தார். அதே ஆண்டு திறக்கப்பட்ட போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் (இன்றைய கிள்ளான் துறைமுகம்) காய்ச்சல் தலைவிரித்தாடியது. துறைமுகத்தையே மூடிவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. சதுப்பை வடித்து, புதரை வெட்டினால் கொசு குறையும், கொசு குறைந்தால் காய்ச்சலும் குறைய வேண்டும் என்றார் வாட்சன். அவ்வாறே செய்தார்கள். அந்த இரண்டு ஊர்களிலும் 1901இல் காய்ச்சலால் இறந்தோர் 368 பேர். 1902இல் அத்தொகை 59.

இத்துடன் கதை முடிந்திருந்தால், விஞ்ஞானம் வென்றது என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். ஆனால் பாடம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. கரையோரத் தாழ்நிலத் தோட்டங்களில் காட்டை வெட்டி நீரை வடித்ததும் காய்ச்சல் அடங்கியது. மலையடிவாரத் தோட்டங்களில் அதே வைத்தியம் பலிக்கவில்லை. காட்டை வெட்டி ஓடைகளைச் சுத்தமாக்கிய பிறகும் அங்கே பிள்ளைகள் நடுங்கிக்கொண்டே கிடந்தார்கள். வாட்சன் தோட்டம் தோட்டமாகச் சென்று, தமிழ்க் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று கணக்கெடுத்தார். தாழ்நிலத்தில் காய்ச்சலைப் பரப்பிய கொசு அம்ப்ரோசஸ். அது காட்டு நிழலில் தேங்கிய நீரில் முட்டையிடும். மலைப்பக்கத்துக் கொசுவோ மாக்குலாட்டஸ். அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் வேண்டும். காட்டை வெட்டியதால் ஓடையில் வெயில் விழுந்தது. நோயைத் தீர்க்கும் என்று எண்ணிச் செய்த காரியமே அக்கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டது! கோலசிலாங்கூர்ப் பக்கத்து அலுவாய் மண்ணையும், உலு யாம், பத்தாங் காலி பக்கத்து மேட்டு நிலத்தையும் அறிந்த நம் வாசகர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். அதன்பின் மலைத் தோட்டங்களில் மண்குழாய்களைப் புதைத்து ஓடைநீரை நிலத்தடியில் ஓடவிட்டார்கள். நீரின்மேல் எண்ணெய் தெளிக்கும் முறையும் பிற்பாடு வந்தது.

விஞ்ஞானக் கோட்பாட்டின் இலக்கணம் இதுதான். 'நான் சொல்வது சரியானால் இன்னது நடக்கும், நடக்காவிட்டால் என் கூற்றில் பிழை' என்று அது முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறது. தோற்றால் திருத்திக்கொள்ள வேண்டும். தெய்வ நம்பிக்கை அப்படி எழுதிக் கொடுப்பதில்லை. பிள்ளை பிழைத்தால் அம்மன் அருள் என்கிறோம், பிழைக்காவிட்டால் சோதனை என்றோ வினைப்பயன் என்றோ அழுது அவள் காலடியிலேயே விழுகிறோம். எந்த முடிவு வந்தாலும் நம்பிக்கை நிற்கிறது. இதைச் சிலர் ஏமாற்று என்பர். கோட்பாடாக எடுத்துக்கொண்டால் அவர்கள் சொல்வது சரியே. ஆனால் அது கோட்பாடுதானா?

பெரியம்மை நோயை எடுத்துக்கொள்வோம். அது உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தின் பேரவை அறிவித்தது. ஒழித்தது தடுப்பூசி. மாரியம்மன் வழிபாடு பெரியம்மைக்கான விளக்கம் மட்டுமாக இருந்திருந்தால், அந்த ஆண்டோடு கோயில்கள் வெறிச்சோடியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. பால்குடம் குறையவில்லை, தீமிதி நிற்கவில்லை. தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதியான இடங்களிலும், சனங்கள் எங்கெங்கோ குடிபெயர்ந்த பிறகும், திருவிழாவுக்குத் திரும்பி வருகிறார்கள். நோய்க்குக் காரணம் தெரிந்துகொள்ளவா அவர்கள் வருகிறார்கள்? பயத்தில் துணை வேண்டி, நன்றி சொல்ல, இறந்தவர்களை நினைக்க, பிரிந்த உறவைக் காண வருகிறார்கள். இவற்றை எந்தப் பரிசோதனைச் சாலையிலும் நிறுத்துப் பார்க்க முடியாது.

வேப்பிலையைக் கிருமிநாசினி என்று காட்டி அம்மனைக் காப்பாற்ற முயல்வோர் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். 'வேப்பிலை காய்ச்சலைக் குணமாக்கும்' என்ற கணமே அது பரிசோதனைக்கு உரிய கூற்றாகிவிடுகிறது. பரிசோதனையில் தோற்றால், கூடவே அம்மனும் தோற்றுவிட்டாள் என்று பிள்ளை எண்ணிக்கொள்ளும். இதைவிட மோசமானது வேறொன்று. டிங்கிக் காய்ச்சல் கண்ட குழந்தையை வேப்பிலைப் படுக்கையில் கிடத்தி இரண்டு நாள் பார்ப்போம் என்று இருந்துவிட்டால், அந்த இரண்டு நாளில் உயிரே போய்விடலாம். வாசலில் வேப்பிலை கட்டுங்கள், விளக்கேற்றி வேண்டிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. குழந்தையை முதலில் கிளினிக்கிற்குக் கொண்டுபோங்கள். திருவிழா முடிந்ததும் கோயில் பின்புறத்தில் கிடக்கும் சிரட்டைகளையும் கவிழ்க்காமல் விட்ட பாத்திரங்களையும் அகற்றுங்கள். மழைநீர் தேங்கினால் டிங்கிக் கொசுவுக்கு அந்த இடமே போதும்.

மலேரியாவைப் பற்றிய கோட்பாடும் வாட்சனோடு நின்றுவிடவில்லை. குரங்குகளின் மலேரியாக் கிருமியான நோலெசி, காட்டில் கொசுவின் மூலம் இயற்கையாகவே மனிதனுக்குத் தொற்றியது 1965இல் பகாங்கில் முதன்முதலாகத் தெரியவந்தது. அரிதான விஷயம் என்றே அப்போது எண்ணினார்கள். 2004இல் சரவாக்கின் காப்பிட் வட்டாரத்து ஆய்வு அந்த எண்ணத்தையும் மாற்றிவிட்டது. நுண்பெருக்காடியில் வேறு வகைக் கிருமிபோலத் தோன்றியதால்தான் இத்தனை காலம் அது பிடிபடவில்லை. மனித மலேரியா உள்நாட்டில் தொற்றுவது 2018 முதல் நின்றுவிட்டபோதிலும், குரங்கு மலேரியா காட்டோரங்களில் இருந்துவருகிறது. ஆகவே மலையடிவார ஆற்றுக்கோ காட்டோரத் தோட்டத்துக்கோ போய்வந்த சில நாட்களில் காய்ச்சல் கண்டால், எங்கே போயிருந்தோம் என்பதை டாக்டரிடம் மறவாமல் சொல்லி, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.