திருவிதாங்கூர் அஞ்சல் ஸ்டாம்பு சேகரிப்பு: முழுமையான வழிகாட்டி

ஆறாம் ஜார்ஜ் மன்னரின் (1936–1952) தலை போட்ட ஸ்டாம்பு இந்தியா முழுக்க ஓடிய காலத்தில், பத்மநாபபுரம் பக்கம் உள்ளூர்க் கடிதங்களுக்குத் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் சொந்த அஞ்சல் இருந்தது. காசும் சக்கரமும் விலையாகப் போட்ட அதன் ஸ்டாம்புகள்தான் நம் ஊர்க்காரர் முதலில் சேர்க்க வேண்டியவை. 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய்.

1. எதிலிருந்து தொடங்குவது?

1888-ல் சங்கு முத்திரையோடு முதல் ஸ்டாம்பு வந்தது. 1951-ல் அஞ்சல், இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. அத்தனையையும் ஒரேயடியாகச் சேர்க்கப் போனால் மலைத்துவிடும். சித்திரைத் திருநாள் மகாராஜாவின் 27-வது பிறந்தநாளுக்கு 1939-ல் வந்த ஏழு ஸ்டாம்புகளைப் பிடியுங்கள். 7 சக்கரத்தில் கன்னியாகுமரி, 14 சக்கரத்தில் பேச்சிப்பாறை அணை. இரண்டுமே இன்றைய நம் கன்னியாகுமரி மாவட்டம். வேறெந்த வரிசையும் இவ்வளவு சொந்தமாக இருக்காது.

2. கையில் வேண்டியவை

நுனி தட்டையான இடுக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஓரத் துளையை அளக்கும் பர்ஃபரேஷன் கேஜ், பாக்கெட் வைத்த ஸ்டாக் புக். விரலால் ஸ்டாம்பைத் தொடாதீர்கள். வியர்வை காகிதத்தில் இறங்கிவிடும்.

3. துளை எண்ணுங்கள்

இந்தச் சேகரிப்பின் உயிரே இங்கேதான். ஓரத்தில் 2 சென்டிமீட்டருக்குள் எத்தனை துளை விழுந்திருக்கிறது என்பதே அளவு. 1939 வரிசையில் 11, 12, 12½ என்று மூன்று அளவும் உண்டு. மேல்விளிம்பு ஓர் அளவும் பக்கவிளிம்பு இன்னோர் அளவுமாகக் கலந்ததும் உண்டு. படம், நிறம், விலை மூன்றும் ஒன்றாக இருக்கும் இரண்டு ஸ்டாம்புகளில் ஒன்று சல்லிசாகக் கிடைக்கும், மற்றது லேசில் அகப்படாது.

கேஜின் 12 கோட்டில் ஸ்டாம்பின் மேல்விளிம்பை வையுங்கள். முதல் துளை சரியாக உட்கார்ந்து, போகப்போக விலகினால் அது 12 அல்ல. பக்கத்து வரிசைக்கு நகர்த்துங்கள். கடைசித் துளைவரை பொருந்தினால்தான் கணக்கு. பிறகு பக்கவிளிம்பையும் கட்டாயம் அளக்க வேண்டும்; மேல்விளிம்போடு நிறுத்திக்கொண்டால் கலப்புத் துளை கையில் வந்தும் தெரியாது. அளவை உடனே பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டில் குறித்து அதோடு வையுங்கள்.

4. நீர்க்குறி

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காகிதத்துக்குள் சங்கு தெரியும். 1888-ன் முதல் வரிசையில் சூரியன்.

5. பெட்டிக்குள் இருக்கும் பழசு

வீட்டுப் பரணில் அஞ்சல் உறை கிடைத்தால் ஸ்டாம்பை உரிக்காதீர்கள். தேதியும் ஊர்முத்திரையும் சேர்ந்திருந்தால்தான் அது சரித்திரம். சமஸ்தானக் காலத்து முத்திரைப் பத்திரத்தில் கத்தரி வைப்பதோ பெரும் பாவம். வெறும் துண்டுக் காகிதத்தில் ஒட்டியதை மட்டும் சாதாரண நீரில் மிதக்கவிட்டுத் தானே கழன்று வரும்வரை காத்திருங்கள்.

6. இரண்டு மழைக்கும் காவல்

நமக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஈரம் ஏறினால் பழுப்புப் புள்ளி விழும். ஸ்டாக் புக்கைப் படுக்க அடுக்காமல் நிறுத்தி வையுங்கள், கூடவே சிலிக்கா ஜெல். வெயிலடிக்கிற நாளில் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள்.

7. வாங்கும்போது

1949-ல் திருவிதாங்கூர்–கொச்சி உருவானதும், இருந்த ஸ்டாம்புகள்மீதே அணா, பை விலையை அச்சடித்தார்கள். தலைகீழாக அச்சானதற்கு மவுசு அதிகம். அதனால் போலியும் நடமாடும். துளையளவு தானாகக் கைக்கு வரும்வரை அந்தப் பக்கம் பணம் போட வேண்டாம்.